பதினாலடிப் பெட்டி

யாழ்ப்பாணத்தில் ட்ரக்டருக்குப் பின்னால் இழுபட்டுப் போவதற்குப் பெயர் பெட்டி. மனிதர் கடைசியாகப் படுத்துப் போவதற்கும் பெயர் பெட்டிதான். இரண்டுக்கும் இடையில் குழப்பம் வருவது குறைவு. முதலாவதை வெங்காயம் ஏற்றக் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர் அழுதுகொண்டு கேட்பார். ஜெயசுதன் வெங்காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அழவும் இல்லை. அங்கேதான் பிழை வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உரும்பிராய்ப் பரமலிங்கத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை விடிய எனக்கொரு பெட்டி வேணும். பிரகலாதன் வீட்டிலை ஏத்துறது. பதினாலடியாவது இருக்கோணும்."

பரமலிங்கத்திடம் இரண்டு ட்ரக்டர்களும், தொலைபேசியை ஊருக்கே கேட்கும்படி போட்டுக் கதைக்கும் பழக்கமும் இருந்தன. அந்த நேரம் அவர் தவறணையில் இருந்தார். ட்ரக்டர்காரர் என்றபடியால் அவருக்குச் சரியாகத்தான் விளங்கியது. பக்கத்தில் கள்ளோடு இருந்த ஒன்பது பேரும் ட்ரக்டர்காரர் அல்லர். ஆனால் ஜெயசுதனையும் பிரகலாதனையும் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மற்றப் பெட்டி விளங்கியது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் செய்தி பிரகலாதனின் படலையைத் தாண்டிவிட்டது. ஜெயசுதன் பெட்டி சொல்லிவிட்டான், ஞாயிறு விடிய எடுக்கிறார்கள். பிரகலாதனின் உயரம் ஐந்தடி ஏழங்குலம் என்பதால் பதினாலடி எதற்கு என்ற சந்தேகம் எழுந்தது. மிச்சம் தாய்க்காக இருக்கும் என்று தவறணையில் ஒருவர் கூட்டிக் கழித்துச் சொன்னார்.

ஊர் இதை உடனே நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஜெயசுதன் மயிலிட்டிக் கடலோடிக் குடும்பம். போன வருடம் பிரகலாதனின் தங்கை தனுஷிகாவை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்தான். தோட்டக்காரர் வீட்டுப் பெண் மீன் வாசம் அடிக்கும் வீட்டுக்குப் போவது பிரகலாதனுக்குப் பிடிக்கவில்லை. அதை அவன் பதிவுக் கந்தோர் வாசலில் வைத்து ஜெயசுதனின் கன்னத்தில் தெரிவித்தான். ஜெயசுதன் பதில் தெரிவித்தான். பதிலில் இரண்டு பல்லும் ஒரு தாடை எலும்பும் அடங்கியிருந்தன. பிரகலாதன் ஆறு கிழமை தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு குழாயால் கஞ்சி குடித்தான். அவனைப் பெற்றவர்கள் பெயரை மட்டும் புராணத்து மகனிடமிருந்து எடுத்திருந்தார்கள். குணம் புராணத்துத் தகப்பனிடமிருந்து வந்து சேர்ந்திருந்தது. நரசிம்மம்தான் பிந்திக்கொண்டிருந்தது.

மணப்பெண் அன்றைக்கே, கையெழுத்தின் மை காய முன்னரே, மாப்பிள்ளைக்குச் சொன்னாள்:

"அவர் என்ரை அண்ணை. ஒரு மாடு. அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அடிச்ச நேரம் உங்கடை முகத்தைப் பாத்தனான். சந்தோசமா இருந்தீங்கள். இனி ஆருக்காவது ஒருக்காக் கை நீட்டினாலும் நான் உங்களோடை இருக்க மாட்டன். சத்தம் போட மாட்டன், அழ மாட்டன். போயிடுவன்."

தனுஷிகா சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்லள். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வாகனம் திருத்தப் படிப்பிக்கிறவள். அவளுடைய வகுப்பில் 'கிட்டத்தட்ட' என்று சொன்னவன் வெளியே நின்றுதான் மிச்சத்தைக் கேட்க வேண்டும். ஜெயசுதன் பதினான்கு மாதமாகக் கைகளைப் பத்திரமாக வைத்திருந்தான். மீன் சந்தையில் ஒருவன் அவனுடைய பிக்கப்பின் மேல் துப்பியபோதுகூடத் துடைத்துவிட்டு வந்தான். அரியாலையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீடும், அதற்குள் இருந்த தனுஷிகாவும் அவனுக்கு அவ்வளவு தேவையாக இருந்தார்கள்.

இனிக் கார். தனுஷிகாவின் தகப்பன் செத்துப்போக முதல் தன்னுடைய வெள்ளை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை மகளின் பெயருக்கு மாற்றியிருந்தார். காரின் பதிவுப் புத்தகம் அவளிடம் இருந்தது, கார் அண்ணனின் வளவில் நின்றது. எஞ்சினைத் திருத்திக் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவளுடைய எண்ணம். பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை வெட்டிக் கொடுப்பது அண்ணனின் எண்ணம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை.

ஜெயசுதன் பெட்டி சொன்னதை வெள்ளி இரவு கேட்டதும் தனுஷிகா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ட்ரக்டர்ப் பெட்டியோ? அதின்ரை தட்டு என்ரை நெஞ்சளவு உயரம். காரை எப்பிடி ஏத்தப்போறீங்கள், தூக்கி இடுப்பிலை வைச்சோ? அதுக்கு ஸ்பிறிங் இல்லை, பிரேக் இல்லை."

"அப்ப மாமாவின்ரை வள்ளம் ஏத்துற வண்டி?"

"வள்ளத்துக்கு வயிறு இருக்கு, வண்டிக்குள்ளை இருக்கும். காருக்கு நாலு கால். எங்கை வைக்கிறது?"

சனிக்கிழமை காலை இருவரும் மருதனார்மடத்தில் றெஜியின் இரும்பு ஒட்டும் கடைக்குப் போனார்கள். றெஜி கார் ஏற்றுவதற்கென்றே தட்டையாக ஒரு வண்டி ஒட்டி வைத்திருந்தான். நாலு சில்லு, முழங்கால் உயரம், பதினைந்தடி, முன்னுக்குக் காரைக் கம்பியால் இழுத்தேற்றக் கையால் சுற்றும் விஞ்ச், மூலைக்கு மூலை இரும்பு வளையம்.

"யானையைத் தாங்கும் அக்கா," என்றான் றெஜி.

"யானையின்ரை நிறை என்ன?"

றெஜி அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

"கார் ஆயிரத்து நூறு கிலோ. இது தன்ரை பாட்டிலை ஒரு அறுநூறு வரும்," என்றாள் அவள். "எங்கடை பிக்கப் இழுக்கும். மாடும்தான் இழுக்கும். நிப்பாட்டுமோ எண்டதுதான் கேள்வி. இதுக்குப் பிரேக் பிடிக்குதோ?"

பிடித்தது. அவள் சில்லுகளை ஒவ்வொன்றாக உதைத்தாள், காற்றை அளந்தாள், பிக்கப்பின் பின்னால் இருந்த இழுவைக் குண்டில் வண்டியின் கொக்கியை மாட்டிப் பூட்டி, மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். கீழே இரண்டு சங்கிலிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டாள். கொக்கி கழன்றாலும் வண்டியின் மூக்கு றோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். பிறகு ஜெயசுதனை உள்ளே ஏற்றி, இடது லைற், வலது லைற், பிரேக் லைற் என்று மூன்று தரம் போடச் சொன்னாள்.

"அக்கா, கலியாணத்துக்கு முதல் அத்தானை இவ்வளவு சோதிச்சனீங்களோ?" என்று கேட்டான் றெஜி.

"அதிலைதான் விட்டிட்டன்."

ஜெயசுதன் மரியாதையாகப் பரமலிங்கத்தை மீண்டும் கூப்பிட்டான். "அண்ணை, பெட்டி வேண்டாம். வேறை இடத்திலை இதைவிடப் பெரிசாக் கிடைச்சிட்டுது." பரமலிங்கம் அப்போதும் தவறணையில்தான் இருந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர்கள் உரும்பிராய்க்குள் நுழைந்தபோது பிரகலாதன் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நடு முற்றத்தில் நின்றான். குளித்து, திருநீறு பூசி, சட்டை இல்லாமல் நின்றான். சண்டையில் சட்டை கிழிவது அவனுக்குப் பிடிக்காது. பக்கத்தில் அவனுடைய கூட்டாளி சுரேஸ் மண்வெட்டிப் பிடியோடு. இன்னும் இரண்டு பேர். அதில் ஒருவன் அவசரத்தில் முருங்கைத் தடி முறித்துக்கொண்டு வந்திருந்தான்.

"எங்கையடா பெட்டி?" என்றான் பிரகலாதன்.

ஜெயசுதன் பின்னால் காட்டினான். "உதுதான்."

எல்லோரும் பார்த்தார்கள். தட்டையான பலகை, நாலு மூலையில் நாலு வளையம், மேலே சுருட்டிய கயிறு. பிரகலாதனின் முகம் கறுத்தது.

"மூடி இல்லாததையோ கொண்டு வந்தனி?"

"மூடி எதுக்கு மச்சான்? மழை இல்லைத்தானே."

"என்னை வெய்யிலுக்குள்ளாலையோ கொண்டு போகப்போறாய்?"

"உன்னையோ? நீ எங்கை வாறாய்? கார் ஏத்த வந்தனாங்கள்."

தனுஷிகா காரின் புத்தகத்தைப் பிரித்துத் தன் பெயரைக் காட்டினாள். சுரேஸ் மண்வெட்டிப் பிடியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். வீட்டுக்குள்ளிருந்து தாய் ஞானாம்பிகை எட்டிப் பார்த்து, "அப்ப எனக்கும் சேத்துச் சொல்லேல்லையோ தம்பி?" என்று கேட்டார். குரலில் ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

நியாயப்படி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரகலாதன் மூன்று பேரை விடியற்காலையில் எழுப்பிக் கொண்டு வந்திருந்தான். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவன் வந்து ஜெயசுதனின் மூக்கில் குத்தினான்.

மூக்கு உடைகிற சத்தம் வெளியே கேட்பதைவிட உள்ளே பெரிதாகக் கேட்கும். ஜெயசுதன் ஒரு கால் பின்வாங்கி நிமிர்ந்தான். வலது கை தானாகவே முட்டியாக மூடியது. தனுஷிகா அதற்குள் வண்டியைக் காருக்குப் பின்னால் விட்டு, காரின் பின்பக்கத்தில் விஞ்ச் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை, ஆனால் கம்பியை மாட்டும் கை நின்றது. ஜெயசுதன் முட்டியைத் திறந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அடி மச்சான்," என்றான் வாயில் வழிந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு. "அடிச்சு முடிச்சிட்டுச் சொல்லு. எங்களுக்குக் கார் ஏத்த வேலை கிடக்கு."

இப்படி ஒருவன் சொன்னால் அடிக்கிறவனுக்கு அவமானம். பிரகலாதன் வயிற்றில் உதைத்தான். முருங்கைத் தடிக்காரன் ஓடி வந்து முதுகில் போட்டான். முருங்கை எப்போதும் செய்வதைச் செய்தது, இரண்டாக முறிந்தது. அதன் பிறகு அவன் பார்வையாளன். சுரேஸின் மண்வெட்டிப் பிடி பாலை மரம். அது முறியவில்லை. ஜெயசுதனின் இடப்பக்க விலா ஒன்று முறிந்தது. அவன் பிக்கப்பின் பக்கம் சாய்ந்து, கைகளைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, முழங்காலில் இறங்கினான்.

தனுஷிகாவை ஒருவரும் தொடவில்லை. தங்கச்சியில் கை வைக்கக்கூடாது, தங்கச்சியின் புருஷனில் வைக்கலாம் என்ற சட்டத்தைப் பிரகலாதன் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவன். அவள் விஞ்சைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்றது. இந்தப் பக்கம் ஒவ்வொரு உதைக்கும் வேறு சத்தம். இரண்டும் சிலவேளை தாளத்தில் சேர்ந்தன. ஞானாம்பிகை தட்டத்தில் ஆறு தேத்தண்ணி கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். முழங்காலில் நின்ற மருமகனுக்கும் கொடுத்தார். அவனுடைய கோப்பையில் சிவப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. அவன் குடித்தான். கையைப் பின்னாலிருந்து முன்னால் எடுக்க அதுதான் அவனுக்குக் கிடைத்த முதல் நியாயமான சந்தர்ப்பம்.

கார் மேலே ஏறியது. ஆனால் பிரச்சினை ஒன்று இருந்தது. வளவில் அது மதிலைப் பார்த்து நின்றபடியால் பின்பக்கமாகத்தான் ஏறியது. எஞ்சின் இருக்கும் மூக்குப் பக்கம் வால் பக்கத்தில் நின்றது.

"திருப்போணும்," என்றாள் தனுஷிகா. "பாரம் பின்னுக்கு நிக்குது. பின்பாரம் கூடினால் வால் ஆட்டும். பத்து நிமிசம் தாங்கோ."

பத்து நிமிடம் என்பது சுரேஸின் கணக்கில் இன்னும் இரண்டு விலா. "இப்பிடியே போவம்," என்றான் ஜெயசுதன் நிலத்திலிருந்து. "மெல்லமாப் போனால் சரி."

அவளுக்குப் பிடிக்கவில்லை. பட்டிகளை எடுத்துச் சில்லுகளைக் கட்டப் போனாள். அங்கேதான் ஜெயசுதனுக்கு ரோசம் வந்தது. மூக்கு உடைந்தபோது வராதது, விலா முறிந்தபோது வராதது, கட்டு என்றவுடன் வந்தது. எழும்பி வந்தான்.

"விடும். கட்டுறது என்ரை வேலை. மூண்டு தலைமுறையாக் கடலிலை நிண்ட கட்டு."

"இது வள்ளம் இல்லை. ஸ்பிறிங்குக்கு மேலை நிக்கிற சாமான். உடம்பைக் கட்டினால் துள்ளத் துள்ளக் கயிறு இளகும். சில்லைக் கட்டோணும்."

"எனக்குத் தெரியும்."

அவன் கயிற்றை எடுத்து வள்ளத்தைக் கட்டுவதுபோலக் காரின் மூக்குக்கு மேலாலும் பின்பெட்டிக்கு மேலாலும் போட்டு நாலு வளையத்திலும் இறுக்கினான். கட்டும்போதே பிரகலாதன் பிடரியில் இரண்டு போட்டான். அழகான கட்டு. கடலில் எந்தப் புயலுக்கும் நிற்கும். தனுஷிகா விஞ்சின் கம்பியை மட்டும் கழற்றாமல் விட்டாள். பிறகு ஓட்டும் சீற்றில் ஏறினாள். ஒரு விலா முறிந்தவனால் ஓட்ட முடியாது. பிரகலாதன் களைத்துப் போயிருந்தான். அடித்துக் களைத்தவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் இடைவெளியில் அவர்கள் படலையைக் கடந்தார்கள்.

கோப்பாய்ப் பக்கம் போகும் றோட்டின் இரு புறமும் செம்மண் தோட்டம். தனுஷிகா முப்பதுக்கு மேல் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தாள். ஜெயசுதன் சட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்க விலா குத்தியது.

"கண்டனீரோ? கை நீட்டேல்லை."

"கண்டனான்," என்றாள் அவள். இடது கையை ஒரு நொடி அவனுடைய முழங்காலில் வைத்தாள். பதினான்கு மாதத்தில் அவன் வாங்கிய மிகப் பெரிய பரிசு அதுதான். மூக்கு, விலா எல்லாம் போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுரேஸ் ஓட்டினான், பின்சீற்றில் பிரகலாதன். சைக்கிள் வண்டியின் வாலை நெருங்க, பிரகலாதன் எட்டிப் பிடித்துத் தாவி ஒஸ்ரினின் மூக்கில் ஏறினான். இடுப்பில் வாழைக்குலை வெட்டும் கத்தி. குந்தியிருந்து கயிற்றை அறுக்கத் தொடங்கினான். அறுபடாத கயிற்றை இளக்க எழும்பி நின்று துள்ளினான். எழுபத்தைந்து கிலோ, எல்லாம் வாலுக்கு மேலே.

"ஓட்டும், ஓட்டும்," என்றான் ஜெயசுதன்.

"ஓட்டக்கூடாது."

சுரேஸ் வலப்பக்கத்தால் முந்தி வந்து, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மண்வெட்டிப் பிடியால் அவளுடைய பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் போட்டான். பிரகலாதனின் தங்கச்சிச் சட்டம் சுரேஸுக்குப் பொருந்தாது. கண்ணாடி முழுவதும் அவளுடைய மடியில் கொட்டியது. கன்னம் கிழிந்தது. கால் அவளை அறியாமல் அக்சிலேற்றரில் அழுந்தியது. நாற்பது. நாற்பத்தைந்து.

வால் ஆடியது.

முதலில் மெல்ல, நாய் எசமானைக் கண்டதுபோல. பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, இடம், வலம், இடம். ஜெயசுதன் கைப்பிரேக்குக்குக் கை கொண்டு போனான். அவள் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள்.

"பிரேக்கைத் தொடாதேங்கோ. பிடிச்சால் மடங்கிப் பிரளும்."

அவள் காலை மெல்ல எடுத்தாள். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்தாள். வாலைத் துரத்தி இடம் வலம் என்று வெட்டவில்லை. வலப்பக்கம் வந்த ஆட்டத்தில் வண்டியின் மூலை சுரேஸின் சைக்கிளைத் தட்டியது. தட்டியது என்றால் சின்னச் சொல். சைக்கிள் ஒரு பக்கம், சுரேஸ் ஒரு பக்கம், அவனுடைய ஒரு செருப்பு மூன்றாம் பக்கம். அவன் தோட்டத்துப் பாத்திகளில் நான்கு வரிசை உருண்டு நின்றான். உடம்பில் எது செம்மண், எது இரத்தம் என்று அவனே தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முப்பது. இருபது. ஆட்டம் குறைந்தது. நின்றது.

நிற்கும்போது வந்த கடைசிக் குலுக்கலில் பாதி அறுந்த கயிறு முழுதாக அறுந்தது. அறாத கயிறுகள் எப்போதோ இளகியிருந்தன. ஒஸ்ரின் வழுகியது. அதுவரை காரைக் கட்டிப்பிடித்திருந்த பிரகலாதன் முதலில் விழுந்தான், காரின் மூக்கு பிறகு விழுந்தது. தட்டின் விளிம்பிலிருந்து முன்சில்லுகள் கீழே இறங்க, பம்பர் அவனுடைய வலது கெண்டைக்காலில் வந்து குந்தியது. எலும்பு முறிந்த சத்தம் பிக்கப்புக்குள் கேட்டது. அதற்கு மேல் கார் இறங்கவில்லை. விஞ்சின் கம்பி வீணை நரம்புபோல இறுகி, முனகிக்கொண்டு, ஆயிரத்து நூறு கிலோவையும் பிடித்து வைத்திருந்தது.

பிரகலாதன் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்றுத் தேடிக்கொண்டிருந்தான்.

தனுஷிகா ஜாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். காரின் பக்கத்தில் மல்லாந்து படுத்து, தலையைக் கீழே விட்டு, வைக்க இடம் தேடினாள். "அண்ணையின்ரை கமக்கட்டுக்குள்ளை பிடியுங்கோ," என்றாள் உள்ளிருந்து. "நான் இழுங்கோ எண்ட உடனை இழுக்கோணும். ஜாக் சரிவிலை நிக்குது, கன நேரம் நிக்காது."

ஜெயசுதன் பிரகலாதனின் தலைமாட்டில் முழங்காலில் இருந்து கமக்கட்டுகளுக்குள் கை கொடுத்தான். இருவருடைய முகங்களும் தலைகீழாக ஒன்றையொன்று பார்த்தன. பிரகலாதனுக்குக் காற்றுக் கிடைத்தது.

முதலில் ஜெயசுதனின் தாயைச் சொன்னான். ஜெயசுதன் சிரித்தான். பிறகு மீனைச் சொன்னான், மயிலிட்டியைச் சொன்னான், ஜெயசுதனின் தகப்பன் யார் என்பதில் தனக்குள்ள சந்தேகங்களைச் சொன்னான். ஜெயசுதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பதினான்கு மாதத்துப் பயிற்சி. ஜாக் கிறீச் கிறீச் என்று ஏறியது.

பிரகலாதன் கண்ணைத் திருப்பிக் காரையும் தொங்கிய கயிற்றையும் பார்த்தான். வலியோடு ஒரு பக்க வாயால் சிரித்தான்.

"எடேய், மயிலிட்டியான். ஒரு கயிறு கட்டத் தெரியேல்லை உனக்கு."

அது உண்மை. அதுதான் பிரச்சினை. பொய் என்றால் ஜெயசுதன் தாங்கியிருப்பான்.

"இழுங்கோ," என்றாள் தனுஷிகா காருக்குக் கீழிருந்து.

ஜெயசுதன் வலது கையை உருவி எடுத்துப் பிரகலாதனின் வாயில் குத்தினான். பதினான்கு மாதமாகச் சேர்த்து வைத்த குத்து, வட்டியோடு வந்தது. பழைய தாடை பழைய இடத்திலேயே கழன்றது.

"இழுங்கோவப்பா. ஜாக் வழுகுது."

இரண்டாவது குத்து மூக்கில். மூக்குக்கு மூக்கு. மூன்றாவதுக்கு ஒரு காரணமும் இல்லை. கை கேட்டது, கொடுத்தான். காலைக் காருக்குக் கீழே கொடுத்து மல்லாந்து கிடந்த மனிதன் கைகளால் முகத்தை மூடப் பார்த்தான். ஜெயசுதன் ஒரு கையை விலக்கிவிட்டு நான்காவதைக் குத்தினான். ஜெயசுதனின் வாயும் கண்ணும் இரத்தமாக இருந்தன, யாருடையது என்று தெரியவில்லை, உடம்பெல்லாம் இளஞ்சூடாக, இதமாக இருந்தது. விலா குத்தவே இல்லை.

நிமிர்ந்தபோது தனுஷிகா காரின் மறுபக்கம் எழும்பி நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணாடி கிழித்த கோடு. அவள் அவனுடைய கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.

சத்தம் போடவில்லை. சுற்றி வந்து, அவனைத் தோளால் விலக்கிவிட்டு, அண்ணனின் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தானே இழுத்தாள். கால் வெளியே வந்த நொடியில் ஜாக் சரிந்து பம்பர் செம்மண்ணில் குத்தியது. ஒரு நொடி பிந்தியிருந்தால் கால் இரண்டாம் தரமும் நசுங்கியிருக்கும். அவள் றோட்டில் கிடந்த சுரேஸின் மண்வெட்டிப் பிடியை எடுத்து, தன் சால்வையைக் கிழித்து, அண்ணனின் காலோடு வைத்துக் கட்டினாள். 1990க்கு எடுத்து அம்புலன்ஸ்காரருக்கு இடத்தைச் சொன்னாள். ஒரு கால், ஒரு தாடை, ஒரு மூக்கு, ஒரு விலா என்று வரிசையாகச் சொன்னாள். தோட்டத்துக்குள் ஒருவன் எழும்பி இருக்கிறான், அவனையும் பார்க்கச் சொன்னாள்.

தோட்டங்களில் தண்ணி கட்டிக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். மூக்கைத் தூக்கி, காரை முழுதாக இறக்கி, தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். தனுஷிகா விஞ்சைச் சுற்றினாள். இந்த முறை மூக்கு முன்னுக்கு. எஞ்சின் வண்டியின் சில்லுகளுக்குச் சற்று முன்னால் வந்து நின்றதும் நிறுத்தி, இறங்கிப் போய்த் தூர நின்று, வண்டி எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்தாள். இன்னும் நாலு அங்குலம் சுற்றினாள். பிறகு நாலு சில்லுக்கும் நாலு பட்டி போட்டு, பூட்டுகளைக் கிறுக், கிறுக் என்று இறுக்கினாள்.

ஜெயசுதன் உதவிக்குக் கிட்டப் போனான்.

"விடுங்கோ," என்றாள்.

"தனு, அவன் என்ன சொன்னவன் எண்டால்..."

"கேட்டது. காருக்குக் கீழை எனக்குக் காது இருந்தது."

அறுந்த கயிற்றை எல்லாம் பொறுக்கி, அழகாகச் சுருட்டி, அவனுடைய கையில் கொடுத்தாள். சங்கிலியைக் குனிந்து பார்த்தாள். லைற்றுகளைப் போட்டு, தோட்டக்காரரில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, எரிகிறதா என்று கேட்டாள். எல்லாம் எரிந்தது.

"நான் எங்கை ஏற?" என்று கேட்டான் ஜெயசுதன்.

"ஏற வேண்டாம். அம்புலன்ஸ் வரும்."

பிக்கப் புறப்பட்டது. ஜெயசுதன் கயிற்றோடு றோட்டில் நின்றான். பிரகலாதன் அவனுக்குப் பக்கத்தில் மதகில் சாய்ந்து கிடந்தான். வெள்ளைக் கார் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு கீறியதுபோல் போனது.

அரை மைல் தூரத்தில் பிக்கப் நின்றது.

ஜெயசுதன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். விலா இப்போது குத்தியது, ஒவ்வொரு காலடிக்கும் குத்தியது. மூக்கால் மூச்சு வராமல் வாயால் இழுத்துக்கொண்டு ஓடினான். தூரத்தில் கதவு திறந்தது. அவள் இறங்கினாள். அவன் கையை உயர்த்திக் காட்டினான். அவள் முதல் சில்லில் குனிந்தாள். பட்டியைத் தட்டிப் பார்த்தாள், பூட்டை ஒரு பல்லு இறுக்கினாள். இரண்டாவது சில்லு. மூன்றாவது. நாலாவது. சங்கிலி, கொக்கி. கொஞ்சத் தூரம் ஓடினதும் நிப்பாட்டி எல்லாத்தையும் ஒருக்காப் பார்க்கோணும் என்று அவள் வகுப்பில் படிப்பிக்கிறவள்தான். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். வலது லைற் மின்னி மின்னி எரிந்தது. பிறகு போய்விட்டாள்.

அவன் திரும்பி நடந்து வந்து மதகில் இருந்தான். பிரகலாதன் வீங்கிய வாயால் கேட்டான்:

"போயிட்டாளோ?"

"ஓம்."

"ஆட்டுதோ?"

ஜெயசுதன் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்தான்.

"இல்லை," என்றான். "நேராத்தான் போகுது."